நெய்யூரிலிருந்து பிளாக்டவுன் வரை: வாய்ச்சவ்வு, உமிழ்நீர்ச் சுரப்பி, தோல் கட்டிகளின் சாயமேற்றல் ஆய்வும் தமிழரும்

முன்னுரை

மேற்குச் சிட்னியின் நோயியல் ஆய்வுக்கூடம் ஒன்றிற்கு ஒரே நாளில் இருவகை இழையத் துண்டுகள் வந்து சேர்வது புதுமையன்று. ஒன்று, வெயிலில் நெடுங்காலம் உழைத்த ஐரோப்பிய வழியினர் ஒருவரின் காதுமடலிலிருந்து எடுக்கப்பட்டது. மற்றொன்று, தென்னாசியாவிலிருந்து குடிபெயர்ந்த முதியவர் ஒருவரின் கன்னத்து உட்புறத்திலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டும் ஃபார்மலினில் பதப்படுத்தப்படுகின்றன, மெழுகில் பதிக்கப்படுகின்றன, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கே கனமுள்ள சீவல்களாக அரியப்படுகின்றன, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றப்படுகின்றன. நுண்ணோக்கியின் கீழ் இரண்டும் செதிள் உயிரணுப் புற்றுநோயாகவே தெரிகின்றன. முத்துப்போல் சுருண்ட கெரட்டின் திரள்களை மட்டும் பார்த்து, இது வெயிலால் வந்தது, இது வெற்றிலை பாக்கால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எந்த நிபுணராலும் இயலாது.

ஆனால் புற்றணுக்களை விட்டு அவற்றின் அடியில் உள்ள தாங்கிழையத்தை நோக்கினால் நிலைமை மாறுகிறது. காதுமடல் தோலின் அடியில் மீள்நார்கள் சிதைந்து சாம்பல்நீலக் கூழாகத் திரண்டிருக்கும். வெற்றிலை பாக்குப் போட்டவரின் வாய்ச்சவ்வின் அடியில், பலரிடம், கொலாஜன் நார்கள் இறுகித் தழும்புபோல் கெட்டித்திருக்கும். கட்டி பேசாத இடத்தில் கட்டி முளைத்த நிலம் பேசுகிறது. அந்நிலத்தைப் படிக்கும் சாயங்களின் வரலாற்றில் தமிழர் வாழ்ந்த ஊர்களுக்கு உள்ள இடத்தையும், சாயத்தால் அறிய முடியாத பகுதியைத் தமிழ்ச் சொல்லால் மட்டுமே அறிய முடியும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்கள் குறித்து ஒரு விளக்கம் தேவை. தமிழகப் பாடநூல்கள் ‘திசு’ என்பதை ஈழத்துப் பாடநூல்கள் ‘இழையம்’ என்கின்றன. முன்னது பிறமொழி ஒலியைத் தமிழ்ப்படுத்தியது. பின்னது நெசவுத்தொழிலின் பொருளைத் தாங்கியது. சாயமேற்றலைப் பற்றிப் பேசும் இக்கட்டுரையில் இழையம் என்னும் சொல்லே பொருந்துகிறது.

சாயவேரும் கரித்தார்ச் சாயமும்

நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்ட இழையச் சீவல் இயல்பில் நிறமற்றது. கண்ணாடியும் இழையமும் ஏறத்தாழ ஒரே வகையில் ஒளியை விடுவதால் உயிரணுவின் உள்ளமைப்பைப் பிரித்தறிய முடிவதில்லை. இத்தடையை நீக்கியது துணிச்சாயத் தொழிலே. வால்டேயர் 1863இல் மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து எடுக்கப்படும் ஹீமட்டாக்சிலினை இழையத்தில் சோதித்தார். அது நன்கு பற்றவில்லை. துணிக்குச் சாயம் ஏற்றுவோர் படிகாரம் சேர்ப்பதுபோல் 1865இல் போமர் படிகாரம் சேர்த்தபின் உயிரணுக் கரு தெளிவான நீல ஊதாவில் தெரிந்தது. கரித்தாரிலிருந்து பெர்கின் 1856இல் உருவாக்கிய செயற்கை ஊதாவைத் தொடர்ந்து பல செயற்கைச் சாயங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றான இயோசின் 1870களின் நடுவில் ஆய்வுக்கூடத்தில் நுழைந்தது. 1876இல் விசோவ்ஸ்கி இரண்டையும் இணைத்தார். இன்று உலகெங்கும் அன்றாடம் பயன்படும் இணைச்சாயம் அதுவே.

இதே காலத்தில் இதே வேதியியல் தமிழ்க் கடற்கரையில் வேறொரு விளைவை உண்டாக்கியது. சோழமண்டலக் கரையிலும் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் மணற்பாங்கான நிலத்தில் தோண்டி எடுக்கப்பட்ட சாயவேர், துணிகளுக்குச் செந்நிறம் தந்த பெருவணிகப் பொருளாக இருந்தது. இலங்கையில் டச்சுக்காரர் அதன் அகழ்வைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். அவ்வேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின், 1860களின் இறுதியில் ஜெர்மனியில் செயற்கையாக உருவாக்கப்பட்டபின் வேர் தோண்டும் தொழில் நலிந்தது. அலிசரினின் மற்றொரு வடிவம், இழையத்தில் படிந்த சுண்ணாம்புச்சத்தைச் சிவப்பாகக் காட்டும் சாயமாக நோயியல் கூடங்களில் இன்றும் இருக்கிறது. மன்னார் மணலில் வேர் தோண்டியோரின் வழியினருக்கு இச்செய்தியைச் சொன்னோர் எவருமில்லை.

காலப்பொருத்தம் ஒன்றையும் இங்குச் சுட்ட வேண்டும். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்தார். அவரும் அவர் மாணவரும் ஆக்கிய தமிழ் மருத்துவ நூல்களுள் ‘இரணவைத்தியம்’ 1867இலும் ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. அதாவது, ஹீமட்டாக்சிலினும் இயோசினும் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் நிலைபெற்ற அதே பத்தாண்டுகளில் யாழ்ப்பாணத்தில் மேலைமருத்துவம் தமிழில் கற்பிக்கப்பட்டது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அவருக்குப்பின் தமிழ்வழிக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. இதனால் உடற்கூற்றுக்கும் அறுவை மருத்துவத்திற்கும் தமிழில் ஒரு நூல்மரபு தோன்றியும், சாயமேற்றிய இழையத்தைப் பற்றிய நோயியலுக்கு அத்தகைய மரபு அமையவில்லை. தமிழர் வாய்கள் பல்லாயிரம் முறை நுண்ணோக்கியில் பார்க்கப்பட்டன. பார்த்தவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. இந்த இடைவெளி வெறும் மொழிப்பெருமை சார்ந்ததன்று என்பது பின்னர் விளங்கும்.

நெய்யூர், மதராஸ், இலங்கை

வாய்ப்புற்றுக்கும் வெற்றிலைக்கும் உள்ள தொடர்பு குறித்த தொடக்ககாலப் பதிவுகளில் தமிழ் நிலத்தின் பங்கு பெரிது. மதராஸில் பணியாற்றிய நிப்லாக் 1902இல் இந்தியாவில் புற்றுநோய் பற்றி எழுதிய கட்டுரை இவ்வகையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. திருவிதாங்கூரில் 1,700 புற்றுநோயாளர்களைப் பற்றிய தொகுப்புரையை பென்டால் 1908இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். இவற்றைவிட ஆழமானது நெய்யூரிலிருந்து வந்த ஆய்வு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்று திருவிதாங்கூரின் தென்கோடியில், லண்டன் மிஷன் நடத்திய மருத்துவமனை அது. எவரெஸ்ட் ஏறும் பயணங்களில் பங்கேற்ற சோமர்வெல் அங்கே அறுவை மருத்துவராக இருந்தார். அவருடன் பணியாற்றிய ஐ. எம். ஓர், 1933இல் ‘லான்செட்’ இதழில் திருவிதாங்கூர் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி அதன் காரணம், நோயியல், மருத்துவம் என மூன்று நிலைகளிலும் எழுதினார்.

ஓர் குற்றம் சாட்டியது முதன்மையாகப் புகையிலையை. திருவிதாங்கூர் நெடுங்காலம் யாழ்ப்பாணப் புகையிலையின் பெருஞ்சந்தையாக இருந்தது என்பதை நினைவில் கொண்டால், வடக்கே விளைந்த இலை தெற்கே ஒரு கன்னத்தில் அடங்கிய வரலாறு தெளிவாகும். யாழ்ப்பாணப் பொருளியல் வரலாற்றாசிரியர்கள் புகையிலை வணிகத்தை விரிவாக எழுதியுள்ளனர். அதன் நோய்வரலாற்றை எழுதியோர் அரியர்.

இலங்கைப் பல்மருத்துவர் டபிள்யூ. பாலேந்திரா 1949இல் பிரித்தானியப் பல்மருத்துவ இதழில், வெற்றிலை போடுதல் பல்லிலும் வாயிழையங்களிலும் விளைவிப்பவற்றையும் கன்னப்புற்றுடன் அதற்கு இருக்கக்கூடிய தொடர்பையும் ஆராய்ந்தார். 1969இல் தென்னக்கோனும் பார்ட்லெட்டும் இலங்கையிலிருந்து வாய்ச்சவ்வு பற்றிய தம் ஆய்வை வெளியிட்டனர். தமிழகத்தில், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் நிலையம் இவ்வாய்வின் மையமாயிற்று. வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் வாயின் செதிள் உயிரணுப் புற்றுக்கான காரணிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, நோயாளரின் பழக்கங்களைக் கேட்டறிந்து இழைய அறிக்கையுடன் இணைத்த உழைப்பின் பயன். கேட்டது தமிழிலும் தெலுங்கிலும், எழுதியது ஆங்கிலத்தில்.

நைரோபியிலிருந்து வந்த ஐந்து வாய்கள்

வாய்ச்சவ்வின் அடியிழையம் இறுகும் நோய், வாய்க் கீழ்ச்சவ்வு நாரிறுக்கம் எனலாம். நோயாளர் முதலில் காரம் தின்ன முடியவில்லை என்பர், கன்னம் வெளிறும், பின் பட்டைபட்டையாக இறுகி, வாய் இரண்டு விரல் அகலத்திற்கும் திறவாமற் போகும். சுசுருதரின் நூலில் கூறப்படும் ‘விதாரி’ இதுவே என்று பல கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதிவருகின்றன. பழைய நூலின் குறிகளை இன்றைய இழைய வரையறையுடன் இவ்வளவு எளிதில் ஒன்றாக்குவது வரலாற்று முறைக்கு ஒவ்வாது.

நவீன மருத்துவத்தில் இந்நோய் பதிவான இடம் இந்தியாவும் அன்று, இலங்கையும் அன்று. கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் கண்டதை ஷ்வார்ட்ஸ் 1952இல் எடுத்துரைத்தார். காரணமறியாத, வெப்பமண்டலத்திற்குரிய சவ்வுத் தேய்வு என்னும் பொருளில் இலத்தீன் பெயரொன்றும் இட்டார். மறு ஆண்டே பம்பாயிலிருந்து ஜோஷி இதை விவரித்தார். தாயகத்தில் எங்கும் இருந்ததால் கண்ணிற் படாதது, புலம்பெயர்ந்த மண்ணில் அயலார் கண்ணிற் பட்டது. ‘காரணமறியாத’ என்னும் சொல் அப்பெண்களிடம் எவ்வளவு கேட்கப்பட்டது என்பதற்கும் ஒரு சான்றாகலாம்.

அடுத்த படியில்தான் சாயமேற்றல் தன் ஆற்றலைக் காட்டியது. பொது இணைச்சாயத்தில் கொலாஜனும் தசையும் ஒரே இளஞ்சிவப்பாகவே தெரியும். வான் கீசன் 1889இல் அமிலஃபுக்சினையும் பிக்ரிக் அமிலத்தையும் சேர்த்து அமைத்த சாயம் கொலாஜனைச் சிவப்பாகவும் தசையை மஞ்சளாகவும் பிரித்தது. மாசோனின் முந்நிறச் சாயம் 1920களின் இறுதியில் வந்து கொலாஜனை நீலமாகவோ பச்சையாகவோ காட்டியது. மீள்நார்களுக்கு வைகர்ட், வெர்ஹோஃப் ஆகியோரின் சாயங்கள் இருந்தன. இவ்வகை நுட்பங்களுடன் மின்னணு நுண்ணோக்கியையும் கையாண்ட பம்பாய் அறிவியலாளர் சத்யவதி சிர்சாட், முதலில் கானோல்கருடனும் பின்னர் டென்மார்க்கின் பிண்ட்பொர்க்குடனும் இந்நோயை ஆராய்ந்தார். பிண்ட்பொர்க்–சிர்சாட் 1966 கட்டுரை, மேற்சவ்வின் அடியில் தொடங்கும் அழற்சி கொலாஜன் பெருக்கமாக மாறி மேற்சவ்வைத் தேயச் செய்வதைப் படிநிலைகளாக வகுத்தது. நாரிழையம் கண்ணாடித்தன்மை பெற்று ஒரே திரளாகும் இறுதிநிலையில் குருதிக்குழாய்கள் நெரிந்துபோகின்றன. வாய்ச்சவ்வின் அடியிலுள்ள சிற்றுமிழ்நீர்ச் சுரப்பிகளும் சூம்புகின்றன. தேய்ந்த இச்சவ்வு புற்றாக மாறும் வாய்ப்பு எவ்வளவு என்பதை எர்ணாகுளம் மாவட்டத்தில் 17 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1985இல் காட்டியது: 7.6 விழுக்காடு.

காரணம் எது என்பதில் வழி தவறியதும் உண்டு. மிளகாயின் காரப்பொருள் எலியின் அண்ணத்தில் என்ன செய்கிறது என்று 1960ஆம் ஆண்டளவில் சோதிக்கப்பட்டது. நோயாளர் காரத்தைச் சொல்லி வந்ததால் காரமே ஐயத்திற்குள்ளானது. வலியைத் தூண்டியது வலிக்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது. பின்னரே பாக்கின் மேல் கவனம் திரும்பியது. பாக்கிலுள்ள அரிக்கோலின் நார் உண்டாக்கும் உயிரணுக்களைத் தூண்டுகிறது. அதன் துவர்ப்புப்பொருளான டானின் கொலாஜனைச் சிதையாதபடி பிணைக்கிறது. தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையின் துவர்ப்பால் செய்வதும் வேதியியல் நோக்கில் இதற்கு நெருங்கியதே. வெற்றிலை போட்டவரின் வாய் ஆய்வுக்கூடத்திற்கு வருமுன்னரே ஒருவகையில் பதனிடப்பட்டுவிட்டது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையையே புற்றுக் காரணியாக உறுதிசெய்தது. புகையிலை சேராததற்குச் சான்று போதாது என்றது. புகையிலை இல்லாத வெற்றிலையும் பாக்கும் தாமே மனிதரில் புற்று விளைவிப்பவை என்று அது வகைப்படுத்திய தொகுதி 2004இல் வெளிவந்தது. ஓர் எழுதி எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே பாக்கு தனித்துக் குற்றம் சாட்டப்பட்டது. ‘நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்’ என்று இன்றும் சொல்லப்படும் ஆறுதல், அந்த எழுபது ஆண்டுகளின் மிச்சம்.

மேற்குச் சிட்னியின் கன்னக்கட்டி

பிளாக்டவுன் என்னும் ஊர்ப்பெயர் தமிழருக்குப் புதிதன்று. சென்னையின் ஜார்ஜ் டவுன் முன்னாளில் அப்பெயரால்தான் அழைக்கப்பட்டது. கோட்டைக்கு வெளியே வாழ்ந்த இந்தியரைக் குறித்தது அப்பெயர். சிட்னியின் பிளாக்டவுன், தாருக் மக்களின் நிலத்தில், பூர்வகுடிக் குழந்தைகளுக்கென அரசு நடத்திய நிறுவனம் 1823இல் அங்கு மாற்றப்பட்டதால் பெயர்பெற்றது. பெயரிட்டவர் ஒருவகையினரே, பெயரிடப்பட்டோர் வேறுவேறு. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973இல் முற்றாக நீங்கியபின்னும், குறிப்பாக 1983க்குப் பின்னும், டூங்காபி, செவன் ஹில்ஸ், பென்டில் ஹில், வென்ட்வர்த்வில் என இருப்புப்பாதையை ஒட்டிய ஊர்களில் ஈழத்தமிழரும் தமிழகத்தாரும் குடியேறினர். பிளாக்டவுன் மருத்துவமனை 1965இலும் வெஸ்ட்மீட் மருத்துவமனை 1978இலும் தொடங்கப்பட்டிருந்தன.

இங்கே அவர்கள் வந்து சேர்ந்தது தோற்புற்றின் நாட்டிற்கு. சிட்னிப் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் லங்காஸ்டர் 1956இல், ஐரோப்பிய வழியினரிடையே கருநிறப்புற்றால் நேரும் இறப்பு நிலநடுக்கோட்டை அணுகும்தோறும் மிகுவதைக் காட்டினார். ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையின் நோயியலாளர் வின்சென்ட் மெக்கவர்ன், கருநிறப்புற்றின் இழையவகைகளுக்குப் பன்னாட்டு உடன்பாடு காணும் பணியில் முன்னின்றார். அவ்வகைப்பாடு 1973இல் வெளியானது. வெயிலால் சிதைந்த மீள்நார்களை மங்கிய நீலத்தில் காட்டும் சீவல்கள் இந்நாட்டு மாணவரின் அன்றாடப் பாடம்.

இந்நாட்டின் தனித்தன்மை செவியருகுச் சுரப்பியில் விளங்குகிறது. பரோட்டிட் எனப்படும் இப்பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் உள்ளேயே நிணநீர்க் கணுக்கள் உள்ளன. உச்சந்தலை, நெற்றி, பொட்டு, காதுமடல் ஆகிய இடங்களின் நிணநீர் அவற்றில் வடிகிறது. எனவே தலைத்தோலில் தோன்றிய செதிள் உயிரணுப் புற்று அங்கே சென்று தங்குகிறது. பிற நாடுகளில் இச்சுரப்பியின் புற்று என்றால் சுரப்பியிலேயே தோன்றியதைக் கருதுவர். ஆஸ்திரேலியாவிலோ தோலிலிருந்து பரவி வந்ததே மிகுதி. சிட்னி அறுவை மருத்துவர் கிறிஸ் ஓ’பிரையனும் குழுவினரும் 2002இல் இதற்கெனத் தனி நிலைவகைப்பாட்டை முன்மொழிந்தனர். வெஸ்ட்மீட் மருத்துவமனைக் கதிர்மருத்துவர் மைக்கேல் வெனெஸ் தொடர்ந்து எழுதியுள்ளார்.

முன்பு கூறிய ‘நிலத்தின் சாட்சி’ இங்கே கைவிடுகிறது. கணுவிற்குள் வந்து தங்கிய புற்றின் அடியில் வெயிலால் சிதைந்த தோலும் இல்லை, இறுகிய வாய்ச்சவ்வும் இல்லை. தான் முளைத்த மண்ணைவிட்டுப் பெயர்ந்த கட்டிக்குப் பிறப்பிடம் சொல்ல எந்தச் சாயமும் போதாது. தொண்டைப்புற்றில் தீநுண்மியின் பங்கைக் காட்டும் பி16 என்னும் குறிப்பான்கூட இங்கே தடுமாறுகிறது. தோற்புற்றுகளிலும் அது நிறமேறுவதுண்டு. புறஊதாக் கதிர் மரபணுவில் விட்டுச்செல்லும் தடயத்தைத் தேடும் சோதனைகள் அண்மையில் வந்துள்ளன. ஆயினும் முதற்கேள்வி மாறவில்லை: ‘தோலில் முன்பு ஏதேனும் அகற்றப்பட்டதா?’ ஐரோப்பிய வழியினரிடம் பெரும்பாலும் விடைதரும் கேள்வி இது. கருந்தோல் கொண்ட தமிழ் முதியவரிடம் விடை ‘இல்லை’ என்றே வரும். வாய்ப்புற்று பெரும்பாலும் தாடைக்கீழ், கழுத்துக் கணுக்களுக்கே பரவும். அரிதாகவே செவியருகே செல்லும். அரிது என்பதாலேயே அவர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

சுரப்பியில் சாயம் தரும் விடையும் தோலில் சாயம் செய்யும் குழப்பமும்

சுரப்பியிலேயே தோன்றும் கட்டிகளில், மாறாக, சாயமே நீதிபதி. கோழைப்பொருளைச் சிவப்பாகக் காட்டும் மியூசிகார்மைனை பால் மேயர் 1890களில் அமைத்தார். மக்மானஸ் 1946இல் வகுத்த பெர்அயோடிக் அமில–ஷிஃப் முறை அதனைச் செம்மாந்தளிர் நிறத்தில் காட்டியது. ஸ்டீட்மேன் 1950இல் துணிச்சாயமான ஆல்சியன் நீலத்தை இழையத்திற்குக் கொண்டுவந்தார். 1945இல் தனிவகையாகப் பெயரிடப்பட்ட கோழை–செதிள் கலப்புப் புற்றைச் செதிள் உயிரணுப் புற்றிலிருந்து பிரிக்க இவை உதவின: ஓரிரு உயிரணுக்களுக்குள் ஒரு துளி கோழை தெரிந்தால் நோயின் பெயரும் மருத்துவமும் மாறும். வியர்வைச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் கட்டமைப்பில் உறவின என்பதால் ஒரே தோற்றமுள்ள கலப்புக்கட்டி தோலிலும் வாயிலும் வருவதுண்டு. தோல், வாய், சுரப்பி ஆகிய மூன்றையும் ஓர் ஆய்வில் சேர்த்துப் பார்ப்பதன் நியாயம் இவ்வுறவில் இருக்கிறது.

கூன்ஸ் 1941இல் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்தது முதல் நோயெதிர்ப்பு இழையவேதியியல் வளர்ந்தது. 1966இல் நொதியைப் பிணைக்கும் முறை வந்ததால் அன்றாட நுண்ணோக்கியே போதுமானதாயிற்று. இன்று மிகப் பரவலாகப் பயன்படும் நிறமாக்கி டைஅமினோபென்சிடின்; அது தரும் நிறம் பழுப்பு. மெலனினின் நிறமும் பழுப்பே. வெளிறிய தோலில் தீமையற்ற இத்தேர்வு, நிறமி செறிந்த தோலிலும் கருமை படர்ந்த தமிழர் ஈறிலும் குழப்பம் விளைவிக்கிறது: பழுப்பாகத் தெரிவது எதிர்ப்பொருளின் விடையா, பிறப்பின் நிறமா? இதற்காகச் சிவப்பு நிறமாக்கியைப் பயன்படுத்துவர். அல்லது பர்மாங்கனேட்டால் நிறமியை வெளுப்பர். தீர்வு எளிது. ஆனால் இயல்புநிலை எவர் தோலை அளவையாகக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதை இச்சிறு குழப்பம் காட்டிக்கொடுக்கிறது. கருந்தோலரின் கருநிறப்புற்று வெயில் படும் இடத்தைவிட உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வாயிலும் தேடப்பட வேண்டியது என்பதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

‘போடுதல்’ என்னும் வினை

ஆஸ்திரேலியா 1991இல் மெல்லும் புகையிலையின் விற்பனையைத் தடைசெய்தது. வெற்றிலையும் பாக்கும் சடங்குப் பொருளாக வீடுகளில் தொடர்கின்றன. வளர்ந்த நாடுகளில் வாழும் தென்னாசியரின் வாய்ப்புற்று பற்றிய அறிவையும் பழக்கங்களையும் மேற்குச் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் திறனாய்ந்துள்ளனர். பெரும்பாலும் தமிழரான இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாய்ப்புற்றையும் முற்புற்று நிலைகளையும் பற்றிப் பேராதனையைச் சேர்ந்தோர் 2007இல் எழுதினர். அதற்கும் முன்பே, 1984இல், சிவயோகம் உள்ளிட்ட குழு, ஊர்ச் சுகாதாரப் பணியாளரே வாயைப் பார்த்து நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க இயலும் என்று இலங்கையில் மெய்ப்பித்தது. அப்பணியாளரிடம் நுண்ணோக்கி இல்லை. நோயாளரின் மொழி இருந்தது.

இழையத்துடன் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும் படிவத்தில் நோயாளர் வரலாற்றுக்கென ஓரிரு வரி இடமுண்டு. அதில் பெரும்பாலும் எழுதப்படுவது புகைப்பவரா, மது அருந்துபவரா என்பதே. வெற்றிலை போடும் மூதாட்டி இரண்டிற்கும் இல்லை என்பார், அது பொய்யன்று. புகையிலை மெல்வீர்களா என்று கேட்டாலும் இல்லை என்பார். அதுவும் பொய்யன்று, ஏனெனில் தமிழில் வெற்றிலையை எவரும் மெல்வதாகச் சொல்வதில்லை. வெற்றிலை ‘போடுவர்’, யாழ்ப்பாணத்தில் ‘சப்புவர்’, முதியோர் முன் ‘தாம்பூலம் தரிப்பர்’. விருந்துக்குப்பின் போடுவது பழக்கக் கணக்கில் சேராது. உறங்கும்போது அடக்கி வைப்பது போடுதலிலும் சேராது. அதற்கு வேறு சொல் உண்டு. நோயியலாளருக்கோ அந்த அடக்கலே எல்லாவற்றிலும் முதன்மையானது. சாறு ஒரே இடத்தில் இரவு முழுதும் ஊறுகிறது, கட்டியும் பெரும்பாலும் அங்கேயே முளைக்கிறது. தமிழகத்தார் கடவாய் என்றும் ஈழத்தார் கொடுப்பு என்றும் சொல்லும் அவ்விடத்தை, உடற்கூற்று நூல்கள் கன்னச்சவ்விற்கும் ஈற்றிற்கும் இடையிலுள்ள மடிப்பு என்று நீட்டி எழுதுகின்றன.

பிளாக்டவுனில் ஒரு மூதாட்டியின் கன்னத்திலிருந்து எடுத்த சீவலில் கொலாஜன் இறுகித் தெரியும்போது, ‘காரணமறியாத’ என்று 1952இல் எழுதப்பட்டதை மீண்டும் எழுதாதிருக்க, அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவே: எந்தக் கொடுப்பில், எத்தனை வருடமாக, பாக்கு மட்டுமா, புகையிலையும் சேர்த்தா?